'இப்ப என்ன பண்றே?'னு கேட்டா என்ன சொல்றீங்க? வேலை தேடுறவங்களுக்கு ஒரு கைடு!

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்பார், "இப்ப என்னப்பா பண்றே?" நாமளும், "சும்மாதான் இருக்கேன் மாமா"னு சொல்லிட்டு, சாம்பாரை வேகமா பிசைய ஆரம்பிச்சுடுவோம். படிப்பை முடிச்சு ஆறு மாசம் ஆகிட்டா, இந்தக் கேள்விக்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போறதை நிறுத்திடுறவங்களும் உண்டு. ஆனா, வேலைக்கான தகவல் வர்றதே பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்கள்கிட்ட இருந்துதான்!

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்லுது. தெரிந்தவர் மூலமாக வேலை வாங்கியவர்களிடம், 'அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீங்க?'னு கேட்டிருக்கார். 'அடிக்கடி' என்றவர்கள் சுமார் 17 சதவிகிதம்தான். மற்றவர்களுக்கு உதவியது, எப்பவாவது பார்க்கிற அறிமுகங்கள். காரணம் சிம்பிள். நம்ம நெருங்கின ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரிஞ்சிருக்கும். தூரத்து அறிமுகத்துக்குத்தான் நமக்குத் தெரியாத கம்பெனிகள் தெரியும்.

நாலே வரி போதும்

'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க'னு சொன்னா, கேட்கிறவருக்கு எந்த வேலைன்னே புரியாது. இந்த நாலையும் சொல்லுங்க:

* நீங்க யார், அவருக்கு எப்படித் தெரியும்?
* என்ன செய்யத் தெரியும், எங்கே செஞ்சிருக்கீங்க?
* எந்த வேலை, எந்த ஊரில் வேணும்?
* அவரிடம் கேட்கிற சின்ன உதவி என்ன?

உதாரணமா, காலேஜ் சீனியருக்கு வாட்ஸ்அப்பில் உங்க பெயரைச் சொல்லிட்டு இப்படி அனுப்பலாம்: "அண்ணா, உங்க டிபார்ட்மென்ட் ஜூனியர். பி.காம் முடிச்சிருக்கேன். டேலி தெரியும், ஆடிட்டர் ஆபீஸில் மூணு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணேன். கோவையில் அக்கவுன்ட்ஸ் வேலை தேடுறேன். இதுக்கு என்னவெல்லாம் கேட்பாங்கனு பத்து நிமிஷம் போன்ல பேசலாமா?"

வேலையே கேட்காம, பத்து நிமிஷம் மட்டும் கேட்டா மறுக்கிறது கஷ்டம். இன்டர்வியூவில் 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்றாலும் முதல் மூணு வரியையே விரிச்சுச் சொல்லலாம். அப்பா பெயர், ஊர், ஹாபினு பயோடேட்டாவை ஒப்பிக்க வேண்டாம்.

தனியா தேடாதீங்க

வேலை தேடுற இன்னொரு ஃப்ரெண்டோடு ஜோடி சேருங்க. வாரம் ஒரு தடவை ஒருத்தர் ரெஸ்யூமை இன்னொருத்தர் திருத்துங்க, மாக் இன்டர்வியூ எடுங்க.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம்னா பதிவு மட்டும்தான்னு நினைக்காதீங்க. பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துறாங்க. போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, ஆர்டர் வரும்'னு சொன்னா நம்பாதீங்க. பணம் போயிருந்தா உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

ரிஜெக்ட் ஆகி ஆகி தூக்கமே வரலையா? 14416-க்கு போன் பண்ணுங்க. 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு மனநல உதவி எண் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த பந்தியில் மாமா கேட்டா, "அக்கவுன்ட்ஸ் வேலை தேடுறேன் மாமா, டேலி தெரியும். உங்களுக்கு யாராவது ஆடிட்டர் தெரியுமா?"னு கேட்டுப் பாருங்க. சாம்பார் எங்கேயும் போயிடாது!