மாப்பிள்ளை நந்தி போகும் வழி

பங்குனிப் புனர்பூசத்தன்று திருவையாற்றிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பும். மாப்பிள்ளை, நந்தியெம்பெருமான். பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டி, குதிரை வாகனத்தில் அமர்ந்திருப்பார். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பல்லக்கில் உடன் வருவார்கள். பெண் வீடு கொள்ளிடத்துக்கு அக்கரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி. மணமகள் வியாக்ரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகை.

இந்த வழியை வழியாக வைத்திருப்பது தாரும் ஜல்லியும் மட்டுமல்ல, ஆண்டுதோறும் நடந்தே தீரும் இந்தக் கல்யாணமும்தான் என்பது என் எண்ணம்.

காவிரியின் வடகரையில் மேற்கே நடந்தால் முதலில் தில்லைஸ்தானம். தேவாரம் பாடும் திருநெய்த்தானம் இதுதான், சுவாமி நெய்யாடியப்பர். நந்தி கல்யாணத்துக்கு நெய் இங்கிருந்து போனது என்பார்கள். பழம் திருப்பழனத்திலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, வேதியர் திருவேதிகுடியிலிருந்து. உதவிய ஊர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல, சித்திரையில் ஐயாறப்பர் ஏழூர்ப் பல்லக்கில் புறப்படுவார். ஒரு வீட்டுக் கல்யாணத்தைச் சுற்றுவட்டாரமே தூக்கிச் சுமக்கும் தஞ்சை வழக்கம் அப்படியே இந்தக் கதையில் இருக்கிறது.

அடுத்தது கடுவெளிச் சித்தரின் பெயரோடு சேர்ந்த கடுவெளி. அங்கே ஆகாசபுரீசுவரர் கோயில். பிறகு வடக்கே வைத்தியநாதன்பேட்டை. அதற்கப்பால் கொள்ளிடம்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், ஒரு காலத்தில் காவிரியின் தண்ணீரைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். மிஞ்சும் வெள்ளம்தான் இப்போது கொள்ளிடத்துக்கு வருகிறது. பங்குனியில் பெரும்பாலும் மணல். பாலம் வருவதற்கு முன் பல்லக்குத் தூக்கிகள் அந்த மணலில்தான் இறங்கி நடக்க வேண்டும். அந்த மணலே பின்னாளில் வழக்குக்கு வந்தது. கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று திருமானூர் வட்டார விவசாயிகள் போராடியதை மறக்க முடியாது. ஊற்றும் கிணறும் அந்த மணலை நம்பித்தானே இருக்கின்றன!

சுந்தரரும் இந்தப் பக்கம்தான் வந்தார். திருவாலம்பொழிலில் தங்கியிருந்தபோது, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று இறைவன் கனவில் கேட்க, காவிரியைக் கடந்து வந்து 'பொன்னார் மேனியனே' பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம்.

திருமழபாடியில் கல்யாண நாளன்று கூட்டத்துக்குள் நுழைவதே சிரமம். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்ற சொல்லை நம்பி, வரன் அமையாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றவர்கள் வருவார்கள். அந்தக் கவலை முகங்களைப் பார்த்தால், இது ஏதோ சடங்கு என்று ஒதுக்க மனம் வராது.

கூட்டம் வடிந்த பிறகு வைத்தியநாதர் கோயில் சுவரைப் பார்க்க வேண்டும். முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் பழைய கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், 1026 வாக்கில், ஏட்டிலிருந்தவை மறுபடி கல்லில் ஏறின. இடையில் பதின்மூன்று ஆண்டுகள் அந்த ஊரின் கொடைகளும் நிலங்களும் விளக்குகளும் வெறும் ஏட்டில் உயிர் வாழ்ந்தன. அந்த ஏட்டைக் கல்லில் ஏறும்வரை காத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தில்லைஸ்தானத்திலும் கடுவெளியிலும் வைத்தியநாதன்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகப் பல்லக்குச் சுமந்த, பந்தல் போட்ட, மோர் ஊற்றிய குடும்பங்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த வழியில் நடந்து அவற்றை எழுதி வைக்க வேண்டும்.