லண்டன் மாடி பஸ்

லண்டனுக்குப் போய் வந்தவர்களில் பல பேர் லண்டனைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள். காரணம் வேறொன்றுமில்லை, அவர்கள் பூமிக்கு அடியிலேயே பிரயாணம் செய்தவர்கள். உலகத்திலேயே முதன்முதலாகத் தரைக்கு அடியில் ரயில் விட்ட ஊர் அது, 1863ல் விட்டார்கள். ரயில் வேகமாகப் போகும், வழி தப்புவதும் கஷ்டம். ஆனால் எலி வளையில் புகுவதுபோல் ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் தலை நீட்டுகிறவருக்கு, ஊர் என்பது ஒன்றுக்கொன்று ஒட்டாத பத்துப் பன்னிரண்டு வாசல்களாகத்தான் மனத்தில் தங்கும். டிரபால்கர் சதுக்கத்துக்கும் செயின்ட் பால் தேவாலயத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்டால், "இருட்டு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

லண்டனைப் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸின் மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று, நான்கு தடவை பிரதம மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, விஷயம் உண்மை. வேடிக்கை என்னவென்றால், இன்று சுற்றுலாக்காரர்கள் முந்திக்கொண்டு இடம் பிடிக்கும் அந்த மாடி, யாரையும் உபசரிப்பதற்காக ஏற்பட்டதல்ல. உள்ளே உட்காரக் காசு போதாதவர்களை ஏற்றிவைத்த கூரை அது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1826ல் பிரான்ஸில் நாண்ட் என்ற ஊரில் போட்ரி என்பவர், பலர் சேர்ந்து போகும் குதிரை வண்டி ஒன்றை விட்டார். அதற்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர் வந்தது. லத்தீன் பாஷையில் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். வண்டி நின்ற இடத்துக்கு அருகே ஒரு தொப்பிக் கடைக்காரர் தம் பெயரை வைத்துச் சிலேடையாக எழுதியிருந்த பலகையிலிருந்து அந்தச் சொல் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. பிறகு ஜனங்கள் சோம்பல்பட்டு முன்பாதியை விட்டுவிட்டுப் 'பஸ்' என்று ஆக்கினார்கள். இலக்கணப்படி பார்த்தால் அது வெறும் வேற்றுமை உருபின் வால். 'எல்லோருக்கும்' என்ற சொல்லில் 'எல்லோர்' இறங்கிப் போய், 'க்கும்' மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் அந்த 'எல்லோர்' உண்மையிலேயே வண்டியில் இல்லை. பாரிஸில் வண்டி கட்டிப் பழகிய ஷில்லிபியர் என்ற ஆங்கிலேயர், 1829ம் வருஷம் ஜூலை 4ந் தேதி லண்டனில் முதல் ஆம்னிபஸ்ஸை ஓட்டினார். மூன்று குதிரைகள் பூட்டி, 22 பேர் உட்காரும் வண்டி. பாடிங்டனிலிருந்து பாங்க் ஆப் இங்கிலாந்து வரை முழுத் தூரத்துக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. மரியாதையான கண்டக்டர்கள், வாசிக்கப் பத்திரிகைகள் வேறு. எல்லாம் சரிதான். ஆனால் கூலிக்காரர் தினமும் கொடுக்கக்கூடிய காசா அது? அவர்கள் எப்போதும்போல் நடந்தார்கள். ஊரின் நடுவே தெருவில் நிறுத்தி ஆள் ஏற்றும் உரிமை அப்போது வாடகைக் கோச்சுக்காரர்களுடையது. அதனால் ஷில்லிபியரின் வண்டி நகரத்தின் விளிம்பைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. 1832ல் சட்டம் வந்து அந்தத் தடை நீங்கியது. தடை நீங்கியதும் போட்டிக்காரர்கள் திரண்டார்கள். ஷில்லிபியர் கடனில் மூழ்கினார். கடைசியில் சவப் பெட்டியையும் துக்கத்துக்கு வந்தவர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்து பிழைத்தார். எல்லோருக்குமான வண்டி என்ற பெயர் அதற்கல்லவா பொருந்தும்!

போட்டிக் காலத்து பஸ்களில் பிரயாணிகளை இழுத்துப் பிடித்து உள்ளே திணிக்கும் ஆட்களை டிக்கன்ஸ் தம் ஆரம்பகாலக் கட்டுரைகளில் நன்றாகக் கேலி செய்திருக்கிறார். கூரைமேல் ஆசனம் போட்டுப் பாதிக் கட்டணம் வாங்கும் வழக்கம் 1847 வாக்கில் தலைகாட்டியது. 1851ல் நடந்த மகா பொருட்காட்சிக்கு வந்த கூட்டம் பஸ்களின் கூரையெல்லாம் ஏறி உட்கார்ந்தது. அதன்பின் கூரையின் நடுவே நீளவாட்டில் ஒரு பெஞ்சு. ஒருவர் முதுகோடு ஒருவர் முதுகு ஒட்டி, தெருவைப் பார்த்து உட்கார வேண்டும். ஏறுவதற்கு இரும்புப் படிகள் சில. நீளப் பாவாடை அணிந்த ஸ்திரீகள் அதில் எப்படி ஏறுவார்கள்? ஏறவில்லை. ஊர் பார்க்கும் உயர்ந்த இடம் முப்பது வருஷ காலம் ஆண்பிள்ளைகளுடையதாகவே இருந்தது. 1881ல் புதிதாக வந்த ஒரு கம்பெனி வளைந்த மாடிப்படி வைத்து, பூங்காவில் போடுவதுபோல் முன்பக்கம் பார்க்கும் ஆசனங்களையும் போட்டது. பெண்கள் மாடிக்கு வந்தார்கள். அவர்கள் கால் தெருவில் போகிறவர் கண்ணில் படாதிருக்க விளிம்பில் பலகை அடித்தார்கள். பலகை காலியாக இருப்பானேன் என்று அதில் விளம்பரம் ஒட்டினார்கள். வியாபார ஜாதியின் மூளை!

அந்தக் காலத்து லண்டனில் பதினெட்டு வயதுப் பையனாக, 1888ல் பாரிஸ்டர் படிப்புக்கு வந்து இறங்கினார் காந்தி. பஸ் சார்ஜைக்கூட விடாமல் கணக்கு எழுதினார் என்பதைச் 'சத்திய சோதனை' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு அவர் செய்த காரியம், போக வேண்டிய இடங்களுக்கு நடந்து போகும்படி ஜாகையை மாற்றிக்கொண்டதுதான். தினம் எட்டு மைல், பத்து மைல் நடை. திவான் வீட்டுப் பிள்ளைக்கே அப்படியென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஒரு பஸ் நாள் முழுவதும் ஓட, மாற்றி மாற்றிப் பூட்டப் பத்துப் பதினோரு குதிரைகள் வேண்டும். அத்தனைக்கும் தீனி போட்டுவிட்டு டிக்கெட் விலையை எவ்வளவுதான் குறைக்க முடியும்? மோட்டார் வந்துதான் குதிரைக்கும் விடுதலை, ஏழைக்கும் விடுதலை. 1911ல் பெரிய கம்பெனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது.

மோட்டார் பஸ்ஸுடன் வந்த இன்னொரு சிறு விஷயத்தை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு முன் எந்த வண்டி எங்கே போகிறது என்பதை அதன் வர்ணத்தையும், 'அட்லஸ்', 'பேவரிட்' என்ற பெயர்களையும் கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு அது மனப்பாடம். வெளியூரான் திருவிழாவில் தொலைந்த குழந்தைதான். 1906ல் ஒரு கம்பெனி பஸ்களுக்கு நம்பர் போட்டது. பாஷை தெரியாத பிரயாணிக்கு லண்டன் செய்த உபகாரங்களில் இதற்கு ஈடு வேறில்லை. பெயரை உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அதன் பிறகு 'எல்லோரும்' ஒவ்வொருவராக ஏறினார்கள். முதல் மகா யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் பெண்கள் கண்டக்டர் ஆனார்கள். 1956ல், ஆள் பற்றாக்குறையால், லண்டன் போக்குவரத்துக்காரர்கள் பார்பேடோஸ் தீவுக்கே போய், கப்பல் சார்ஜைக் கடனாகக் கொடுத்து ஆள் சேர்த்து வந்தார்கள். அன்னிய நாட்டான் இறங்க வேண்டிய இடத்தை அவனுக்குச் சொல்லி இறக்கிவிட்டவர்களில் பலர், தாங்களே அந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். பெண் ஒருவர் ஓட்டுகிறவர் ஆசனத்தில் உட்கார 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கண்டக்டர்கள் நின்ற பஸ்தான் 'ரூட்மாஸ்டர்'. பின்புறம் கதவில்லாத மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். 1956ல் முதலாவது பஸ் தெருவுக்கு வந்தது. 2005 டிசம்பர் 9ந் தேதி 159ம் நம்பரில் கடைசி வழக்கமான ஓட்டம். அன்று தெருவோரம் கூடி நின்றவர்களில் கண் கலங்கியவர்கள் உண்டு. போகிற பஸ்ஸில் தாவி ஏறுகிற சுகமே தனிதானே? எனக்கும் அந்த வண்டியின்மேல் ஆசைதான். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்த மேடையில் ஐம்பது வருஷம் ஏற முடியவில்லை என்பதை நினைத்தால், தாழ்ந்த தளம் போட்ட புது பஸ்ஸின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசு வாங்குவதில்லை என்று வைத்தார்களே, அதன்மேல்தான் கொஞ்சம் வருத்தம். அட்டையைத் தொட்டால்தான் ஏறலாம். சட்டைப் பையில் நாணயம் குலுங்க நிற்கிறவன் இன்று கீழேதான் நிற்க வேண்டும்.

அட்டை இருந்தால் கவலையில்லை. ஏறும்போது ஒரு முறை தொட வேண்டும், இறங்கும்போது வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறி ஏறினாலும் மறுபடி கொடுக்க வேண்டாம். உல்லாசப் பிரயாணிகளுக்கென்று பல மடங்கு விலையில் கூரையில்லாத பஸ்கள் ஓடுகின்றன. அவற்றைப் போகவிட்டு, டிரபால்கர் சதுக்கத்தில் 15ம் நம்பரில் ஏறி மாடிக்குப் போங்கள்.

ஸ்ட்ராண்ட் வழியாகப் போய் ப்ளீட் தெருவில் நுழையும். ஒரு காலத்தில் பத்திரிகைகளின் தலைநகரமாக இருந்த தெரு. இப்போது அச்சு யந்திரமும் இல்லை, மை வாசனையும் இல்லை. கீழே நடப்பவர் கண்ணுக்குக் கடை ஜன்னல்கள்தான் தெரியும். மேலே இருப்பவருக்கு பழைய கட்டடங்களின் கடிகாரங்களும், கல்லில் செதுக்கிய எழுத்துக்களும் கை நீட்டினால் எட்டும்போல் வரும். தெரு இறங்கி, லட்கேட் மேட்டில் பஸ் ஏறத் தொடங்கும்போது எதிரே செயின்ட் பால் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். ரயிலில் போகிறவருக்குக் கிடைக்காத தரிசனம் அது.

டவர் கோட்டை வந்ததும் காமிராக்காரர்கள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பஸ் அங்கே நிற்பதில்லை. ஆல்ட்கேட் தாண்டி, கிழக்கே கமர்ஷியல் ரோடு வழியாக, பாப்லர் வட்டாரத்துக்கு, காய்கறிப் பையோடும் பள்ளிக்கூட மூட்டையோடும் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. முன் ஆசனம் அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும்.