அலபாமாவில் கல்லூரிக் கால்பந்து: குடும்பப் பற்றும் ஒரு முதல் ஆட்டமும்

அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணி கிடையாது. பேஸ்பால், கூடைப்பந்து ஆகிய ஆட்டங்களின் முதல்நிலை லீக்குகளிலும் அந்த மாநிலத்துக்கு இடமில்லை. மக்களின் விளையாட்டுப் பற்று முழுவதும் இரண்டு பல்கலைக்கழக அணிகளின் மேல் குவிந்திருக்கிறது. ஒன்று டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம்; மற்றொன்று ஆபர்ன் பல்கலைக்கழகம். அலபாமாவின் நிறம் கருஞ்சிவப்பும் வெள்ளையும். ஆபர்னின் நிறம் ஆரஞ்சும் கருநீலமும். இரு தரப்பிலும் ஏராளமான ரசிகர்கள் அந்தக் கல்லூரிகளின் வாசலை மாணவராக மிதித்ததே இல்லை. தாத்தா எந்த அணியோ அப்பாவும் அந்த அணி, அப்பா எந்த அணியோ பிள்ளையும் அந்த அணி என்று பற்று பரம்பரையாக இறங்குகிறது.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. பக்கத்துக்கு 11 பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டமாகக் கருதப்படுவது 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியது. அதில் பக்கத்துக்கு 25 பேர் ஆடினார்கள்; 6–4 என்று ரட்கர்ஸ் வென்றது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880களில் வகுத்த விதிகளே இன்றைய ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தன. வடகிழக்கில் பிறந்த ஆட்டம் தெற்கே வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

இரு அணிகள், ஒரு மாநிலம்

அலபாமா பல்கலைக்கழகம் 1892-இல் அணி அமைத்தது. 1893 பிப்ரவரி 22 அன்று பர்மிங்ஹாம் நகரின் லேக்வியூ பூங்காவில் அலபாமாவும் ஆபர்னும் முதன்முதலாக மோதின. 32–22 என்று ஆபர்ன் வென்றது. 1907 ஆட்டம் 6–6 என்று சமனில் முடிந்தது. அடுத்த ஆண்டு வீரர்களின் சாப்பாட்டுப் படி, நடுவர் நியமனம் ஆகியவற்றில் பேச்சு முறிந்து, ஆட்டம் நின்றுபோனது. ஒரே மாநிலத்தின் இரண்டு பெரிய அணிகள் அதன்பின் 41 ஆண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடவில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் நெருக்குதலுக்குப் பிறகு 1948 டிசம்பர் 4 அன்று பர்மிங்ஹாமின் லீஜியன் ஃபீல்டு மைதானத்தில் போட்டி மீண்டும் தொடங்கியது. அன்று அலபாமா 55–0 என்று வென்றது. பர்மிங்ஹாம் இரும்புத் தொழிலால் வளர்ந்த நகரம் என்பதால் அந்த ஆட்டத்துக்கு 'அயர்ன் பௌல்' என்ற பெயர் நிலைத்தது.

இடைப்பட்ட காலத்தில் அலபாமா அணி நாடறிந்த அணியாகியிருந்தது. 1926 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் ஆட்டத்தில் வாஷிங்டன் அணியை அது 20–19 என்று வென்றது. உள்நாட்டுப் போரில் தோற்று, வறுமையில் கிடந்த தெற்கு, வட மாநிலங்களும் மேற்கு மாநிலங்களும் தன்னை இளக்காரமாகப் பார்ப்பதாக நினைத்திருந்தது. அந்த ஒரு புள்ளி வெற்றியைத் தெற்கத்திய வெள்ளையர்கள் தங்கள் மானம் மீண்டதாகக் கொண்டாடினார்கள். அணி ஊர்ப்பெருமையின் அடையாளமானது அப்போதுதான். அந்தப் பெருமையில் கறுப்பின மக்களுக்குப் பங்கில்லை. பல்கலைக்கழகத்தில் அவர்கள் படிக்க முடியாது. அணியில் ஆடவும் முடியாது. அவர்களுடைய பற்று டஸ்கீகீ, அலபாமா ஸ்டேட், அலபாமா ஏ அண்டு எம் போன்ற கறுப்பினக் கல்லூரிகளின் அணிகளோடு தனியே வளர்ந்தது.

பிரையன்ட் காலம்

அலபாமாவின் குடும்பப் பற்றுக்கு முகம் கொடுத்தவர் பால் பிரையன்ட். 'பேர்', அதாவது கரடி, என்பது அவருடைய பட்டப்பெயர். 1913-இல் அர்கன்சா மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 1930களில் அலபாமா அணியில் ஆடினார். 1958-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டுத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், அம்மா கூப்பிட்டாள் என்று பதில் சொன்னார். தான் படித்த கல்லூரியைத் தாயாகச் சொன்ன அந்தப் பேச்சு ரசிகர்களின் மனதில் ஆழமாகத் தைத்தது. 25 ஆண்டுகளில் ஆறு தேசியப் பட்டங்களை அவர் வென்று கொடுத்தார்.

சீசன் நாட்களில் ஞாயிறு பிற்பகல் தோறும் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி வரும். முந்தைய நாள் ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டு, தணிந்த கரகரத்த குரலில் விளக்குவார். மேசைமேல் கோல்டன் ஃப்ளேக் சிப்ஸ் பொட்டலமும் கோக்க கோலா பாட்டிலும் இருக்கும். இரண்டும் விளம்பரதாரர்களின் சரக்கு. நன்றாக ஆடிய பையனின் பெயரோடு நிற்காமல் அவன் எந்த ஊர்க்காரன், பெற்றோர் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். காலையில் தேவாலயம், பிற்பகலில் இந்த நிகழ்ச்சி என்று பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அமைந்தது.

பிள்ளைகளுக்கு பிரையன்ட் என்று பெயரிடுவதும் பரவியது. பல்கலைக்கழகத்தில் உள்ள பிரையன்ட் அருங்காட்சியகம் அவர் பெயர் தாங்கியவர்களின் பட்டியலைப் பேணி, அவர்களுக்கென்று ஒன்றுகூடலும் நடத்தி வருகிறது. கைக்குழந்தை முதல் நடுவயதினர் வரை அதில் கலந்துகொள்கிறார்கள்.

1970 செப்டம்பர் 12

1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்று மறித்தார். கூட்டாட்சி அரசு தலையிட்ட பிறகே வழிவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹாமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். வகுப்பறைக் கதவு திறந்த பிறகும் அணியின் கதவு திறக்கவில்லை. 1967-இல் உதவித்தொகை இல்லாத சில கறுப்பின மாணவர்கள் பயிற்சிக்கு வந்தார்கள்; எவரும் ஆட்டத்தில் இறங்கும் நிலையை எட்டவில்லை. 1969-இல் கறுப்பின மாணவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1970-இல் ஓசார்க் ஊரைச் சேர்ந்த வில்பர் ஜாக்சன் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரராகச் சேர்ந்தார். முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே அந்த சீசன் தொடங்கியபோது அவர் பார்வையாளர் வரிசையில் இருந்தார்.

சீசனுக்குப் பத்து ஆட்டங்கள் என்ற வரம்பு அந்த ஆண்டு பதினொன்றாக உயர்ந்தது. கூடுதல் இடத்தில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியை பிரையன்ட் அழைத்தார். அதன் பயிற்சியாளர் ஜான் மெக்கே அவருடைய நெருங்கிய நண்பர். செப்டம்பர் 12 அன்று, சீசனின் அந்த முதல் ஆட்டத்துக்கு, லீஜியன் ஃபீல்டில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். உள்ளூர் அணி முழுக்க வெள்ளையர். விருந்தினர் அணியில் பந்தை ஏந்தும் முக்கிய மூவரும் கறுப்பினத்தவர்: ஜிம்மி ஜோன்ஸ், கிளாரன்ஸ் டேவிஸ், சாம் கன்னிங்ஹாம். இவர்களில் டேவிஸ் பர்மிங்ஹாமிலேயே பிறந்தவர். பிறந்த ஊரில் அயலூர் அணியின் உடையில் ஆடினார். அப்போதுதான் பிரதான அணிக்கு வந்திருந்த கன்னிங்ஹாம் 12 முறை பந்தை ஏந்தி 135 கெஜம் ஓடி இரண்டு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) போட்டார். தெற்குக் கலிஃபோர்னியா 42–21 என்று வென்றது.

ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் கன்னிங்ஹாமைத் தன் வீரர்களின் அறைக்கு அழைத்துச் சென்று, வீரன் என்றால் இவனைப் போல் இருக்க வேண்டும் என்று காட்டியதாக ஒரு கதை உண்டு. அன்று அறையில் இருந்த அலபாமா வீரர்கள் பலர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓர் இரவில்தான் மாற்றம் பிறந்தது என்பதும் சரியல்ல. ஜாக்சன் ஏற்கெனவே சேர்ந்திருந்தார், வழக்கும் நடந்துகொண்டிருந்தது. ஆபர்னில் ஜேம்ஸ் ஓவன்ஸ் என்ற கறுப்பின வீரர் அதே சீசனில் ஆடத் தொடங்கினார். அந்த ஆட்டம் செய்தது வேறு. வெள்ளையர் மட்டுமே ஆடினால் இனி வெல்ல முடியாது என்பதைத் தலைமுறை தலைமுறையாக வந்த ரசிகக் குடும்பங்கள் சொந்த மைதானத்தில் கண்ணால் கண்டன. கறுப்பின வீரர்களைச் சேர்க்கும் பிரையன்டின் முடிவை எதிர்க்க நினைத்தவர்களின் வாய் அதன்பின் அடைத்துப்போனது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 1971 செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அதே தெற்குக் கலிஃபோர்னியா அணியோடு நடந்தது. மொபீல் நகரத்து ஜான் மிட்செல் அலபாமா பிரதான அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரராக அன்று களம் இறங்கினார். பிரையன்ட் ரகசியமாகப் பயிற்றுவித்திருந்த 'விஷ்போன்' வியூகத்தால் அலபாமா 17–10 என்று வென்றது. மிட்செல் 1972-இல் அணியின் இணைத் தலைவரானார். 1973-இல் துணைப் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். ஜாக்சன் 1973-இல் இணைத் தலைவரானார்.

பற்றின் இரு முகங்கள்

இந்த வரலாற்றின் மேல்தான் இன்றைய வழக்கங்கள் நிற்கின்றன. சொந்த ஊரில் சீசனின் முதல் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை, காலையிலேயே குடும்பங்கள் பல்கலைக்கழகப் புல்வெளியில் கூடாரம் அடித்து, இறைச்சி சுட்டு, உறவினரோடு சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகின்றன. எதிரில் வருபவரை 'ரோல் டைட்' என்று வாழ்த்துகின்றன. ஆபர்னில் அது 'வார் ஈகிள்'. கணவன் ஓர் அணி, மனைவி மறு அணி என்றால் இரு அணிச் சின்னங்களும் பாதிபாதியாக உள்ள பலகையைக் காரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பற்று வெறியாக முற்றியதும் உண்டு. 2010-இல் ஆபர்னிடம் அலபாமா தோற்றபின் அதன் ரசிகர் ஒருவர் ஆபர்னின் டூமர்ஸ் முனையில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு நஞ்சிட்டார். 2013-இல் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. ஆனால் நஞ்சிட்ட செய்தி வெளிவந்த சில வாரங்களிலேயே, 2011 ஏப்ரல் 27 அன்று, டஸ்கலூசாவைச் சூறாவளி சிதைத்தபோது, ஆபர்ன் ரசிகர்கள் 'டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா' என்ற பெயரில் திரண்டு நிவாரணப் பொருள்களை அனுப்பினார்கள்.

1929-இல் 12,000 பேருக்காகத் திறக்கப்பட்ட டஸ்கலூசா மைதானம் இன்று ஒரு லட்சம் பேரைக் கொள்கிறது. அங்கே கருஞ்சிவப்பு உடையோடு பிள்ளைகளை அழைத்து வருபவர்களில் கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. அவர்களின் தாத்தா பாட்டிக்கு அந்த அணியில் உரிமை இருந்ததில்லை. குடும்பப் பற்று அலபாமா கால்பந்தைக் காத்து வந்தது உண்மை; அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு இடம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கத் தொடங்கியது 1970க்குப் பிறகுதான்.