கேளாத சிறுவரும் கை மொழியும்

குழந்தை மொழியைக் கேட்டே பெறுகின்றது. தாயின் தாலாட்டிலும் வீட்டார் பேச்சிலும் அது தானே வந்து சேர்கின்றது. செவிப்புலன் இன்றிப் பிறந்த குழந்தைக்கு இந்த வாயில் அடைபட்டுவிடுகிறது. அதற்கு வேறு வாயில் உண்டா என்று மக்கள் தேடிய கதையையே இன்று கூற விழைகின்றேன்.

18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் லெப்பே என்னும் பாதிரியார் வாழ்ந்தார். 1760ஆம் ஆண்டையொட்டி, காது கேளாத சகோதரிகள் இருவர்க்கு அவர் பாடம் சொல்லத் தொடங்கினார். கேளாதார் தமக்குள் வழங்கிய கையசைவுகளைத் தாம் முதலில் கற்று, அவற்றின் வழியே எழுத்தறிவித்தார். வறியோர் பிள்ளைகளும் கட்டணமின்றிப் பயிலும் பள்ளி உருவாயிற்று. அவர் 1789இல் மறைந்தார். 1791இல் பிரெஞ்சு தேசிய சபை அப்பள்ளியை அரசின் பொறுப்பில் ஏற்றது. அங்குப் பயின்ற லோரான் கிளேர் என்னும் கேளாதார், அமெரிக்கா சென்று, 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். மாணவரே ஆசிரியராயினர்!

ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, வாய்ப்பேச்சே சிறந்தது, சைகை கூடாது என்று தீர்மானித்தது. வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் கேட்கும் செவியுடையோர். அவர்கள் கொடியவர் அல்லர்; பேசப் பழகினால் பிள்ளை உலகோடு ஒன்றிவிடும் என நம்பினர். விளைந்தது யாது? பல நாடுகளில் வகுப்பறையினின்று சைகை விலக்கப்பட்டது. கேளாத ஆசிரியர் பலர் பணியிழந்தனர். உதட்டசைவை ஊகிப்பதிலும் தாம் கேளாத ஒலிகளை எழுப்புவதிலுமே பல சிறுவரின் பள்ளிப் பருவம் கழிந்தது. கணக்கும் வரலாறும் கற்கும் காலம் சுருங்கிற்று.

1960இல் ஸ்டோக்கி என்னும் அமெரிக்க அறிஞர், சைகைமொழிக்கும் முறையான அமைப்பு உண்டென ஆராய்ந்து காட்டினார். 2010இல் வான்கூவர் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, மிலான் தீர்மானங்களைப் புறக்கணித்து வருத்தம் தெரிவித்தது. இடையே 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைச் சிறுவர்! நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகைமொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பணிக்கின்றது.

செவிக்கருவியும் அறுவை மருத்துவமும் இன்று பலர்க்கு உதவுகின்றன. எனினும் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. எவ்வழியாயினும், இளமையிலேயே மொழி வந்து சேர்தல் வேண்டும். பேச எவரும் இன்றித் தனித்திருக்கும் பிள்ளைக்கு நற்கல்வியும் இல்லை, நல்வாழ்வும் இல்லை. உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் ஒருவன் இருப்பின், அவனிடமே பத்துச் சைகைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். லெப்பே தொடங்கியதும் அவ்வாறே.