பண்ணைக்குட்டையில் ஜிலேபி கெண்டை புகாமல் தடுப்பது எப்படி?

மடத்துக்குளம் வட்டாரத்தில் அமராவதி வாய்க்கால் தண்ணீரைக் குட்டையில் நிரப்பி கட்லா, ரோகு வளர்ப்பவரா நீங்கள்? ஜிலேபிக் குஞ்சு விடாமலே, வலை போட்டால் ஜிலேபியே அதிகம் வருகிறதா? அது தண்ணீரோடு வந்ததுதான்.

எங்கிருந்து வந்தது?

ஜிலேபி கெண்டை நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலேப்பியா. 1952-ல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குளங்களிலும் அணைகளிலும் விடப்பட்டது. அமராவதி அணையில் நிலைத்துப் பெருகிவிட்டது.

ஏன் நஷ்டம்?

தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் சேதாரம் குறைவு. இரண்டு, மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து, ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு விடும். கட்லாவும் ரோகுவும் குட்டையில் குஞ்சு பொரிப்பதில்லை. எனவே நீங்கள் விட்ட மீன் கூடாது. ஜிலேபி மட்டும் கூடும். நீங்கள் போடும் தீவனத்தை அது தின்றுவிடும். நெரிசலில் அதுவும் பெருக்காமல் சிறுத்தே நிற்கும், விலையும் கிடைக்காது.

பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவிலும் இதே கதைதான். கொசுவை ஒழிக்க 1960களில் விட்ட ஜிலேபி, அங்கு காலங்காலமாக நடந்த பால் கெண்டை வளர்ப்பையே முடக்கியது.

என்ன செய்யலாம்?

* அறுவடைக்குப் பின் தண்ணீரை முழுவதும் இறைத்து, சேறு பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிடுங்கள். ஓரக் குழியில் தேங்கும் சிறிது தண்ணீரே ஜிலேபிக்குப் போதும்.
* காயவிட முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு இடுங்கள். 10 சென்ட் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 100 கிலோ தேவை. இரவு ஊறவைத்து, குட்டை முழுவதும் சீராகத் தெளியுங்கள். மூன்று வாரம் கழித்தே மீன் குஞ்சு விட வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறக்காதீர்கள். கால்நடைகளையும் குடிக்க விடாதீர்கள்.
* தண்ணீர் வரும் குழாய் வாயில் கண் நெருக்கமான நைலான் வலையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.
* 10 செ.மீ.க்குக் குறையாத விரலிகளை, இனம் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.
* மேம்படுத்திய 'கிஃப்ட்' திலேப்பியா வளர்க்க விரும்பினால், மீன்வளத்துறை அனுமதி பெற்ற பிறகே தொடங்குங்கள்.

பிடித்த ஜிலேபியை உண்ணலாம், விற்கலாம். உயிரோடு வேறு குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். அமராவதியில் ஒருமுறை விட்டதைத்தான் இன்றுவரை நம் குட்டைகளில் அரித்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.