மங்களத்தில் தொடங்கிய கச்சேரி

தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் நால்வர் ஒரே காரில் நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று வருகிறோம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அண்மையில் ஒரு நாள், பணி நிறைவு பெற்ற எங்கள் மூத்த பேராசிரியர் கருத்தரங்கு ஒன்றிற்காக எங்களுடன் வந்தார். பழைய கச்சேரி ஒலிநாடாக்களைக் கடையொன்றில் கொடுத்து, எம்பி3 கோப்புகளாக மாற்றி, பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். காரின் யுஎஸ்பி துளையில் அதைச் செருகினோம்.

முதலில் ஒலித்தது மங்களம். ஐயா, கச்சேரி முடிந்து எழுபவரைப்போல் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றார். சிரித்தோம். அடுத்து ஒரு துக்கடா. அதன்பின் பல்லவி. அதற்கும் பின்னால் தானம். சிரிப்பு அடங்கிவிட்டது. திரையில் பாடலின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும் இந்த நிலை.

இன்றைய கச்சேரி அமைப்பை வகுத்தவர் என அரியக்குடி இராமானுஜ ஐயங்காரை (1890–1967) இசையுலகம் போற்றுகிறது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளால் வளர்ந்து, விரிவான உருப்படியில் உச்சம் தொட்டு, துக்கடாக்களில் இளகி, மங்களத்தில் நிறையும் அந்த வரிசையே கச்சேரிக்கு முதுகெலும்பு. அது குலைந்தால் பாடல்கள் எஞ்சும், கச்சேரி எஞ்சாது.

காருக்குள் இசை புகுந்த வரலாற்றைப் புரட்டினால், இந்த வரிசை பலமுறை குலைந்தும் கூடியும் வந்திருப்பது தெரிகிறது. 1930இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானொலியில் வரிசை நிலையத்தாருடையது. கேட்பவருக்கு அதில் பங்கில்லை. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுழலும் 7 அங்குலத் தனித் தட்டுகள் அதற்கு வேண்டும். வீட்டிலிருந்த தட்டுகள் உதவா. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி நின்றுபோனது.

1965இல் ஃபோர்டு கார்களில் எட்டுத்தட நாடா வந்தது. முடிவற்றுச் சுழலும் அந்த நாடாவை நான்கு சம பகுதிகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்கேற்பப் பாடல்களை இடம் மாற்றினார்கள். சில பாடல்கள் நடுவிலேயே தேய்ந்து மறைந்து, 'டக்' என்ற ஓசைக்குப் பின் தொடர்ந்தன. எங்கள் காரில் பல்லவிக்குப் பின் தானம் வந்த கதையின் முன்னோடி அதுவே.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டு, பின்னாளில் கார்களில் பரவியபோது வரிசையை மீட்டுத் தந்தது. நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்ததை யாரால் கலைக்க முடியும்? 1982இல் வந்த குறுந்தகடும் தன் பாடல் வரிசையைத் தகட்டிலேயே பொறித்து வைத்திருந்தது. எம்பி3 காலத்தில்தான் ஒவ்வொரு பாடலும் தனிக் கோப்பாகி உறவறுத்துக்கொண்டது.

இனி, மங்களம் முந்திய காரணம். பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் என்னும் கோப்பு முறை, 1977இல் நெகிழ்வட்டுகளுக்காக மைக்ரோசாஃப்டில் பிறந்ததன் வழித்தோன்றல். கோப்புகளின் பெயர்களை அது அகர வரிசையில் அடுக்குவதில்லை. வந்த வரிசையில் பேரேட்டில் பதிகிறது. ஒன்றை அழித்தால் அந்த இடம் வெற்றிடமாகும். பின்னர் வரும் கோப்பு அதில் குடியேறலாம். கணினித் திரை நம் கண்ணுக்காக அவற்றை அடுக்கிக் காட்டுகிறது. கார்க் கருவிகள் பலவும் பேரேட்டை உள்ளபடியே படித்துக்கொண்டு போகின்றன. பெயர்களுக்கு முன்னால் எண்களை இட்டாலும் அத்தகைய கருவி பொருட்படுத்தாது.

தீர்வு எளியது: எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி, பென் டிரைவைத் துடைத்துவிட்டு, உரிய வரிசையில் ஒவ்வொன்றாகப் படியெடுக்க வேண்டும். ஆனால் உரிய வரிசை எது? ஐயா அதைக் கேசட்டுப் பெட்டியின் உள்ளட்டைகளில் தம் கையால் எழுதி வைத்திருந்தார். கோப்புகள் கிடைத்த பின்னர், நாடாக்களோடு அட்டைகளும் பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. கடைக்காரர் கோப்புகளுக்குப் பாடலின் பெயரை மட்டும் இட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். ஒரு கச்சேரி, பதினான்கு உருப்படிகள். கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எது முடிந்ததும் கைத்தட்டல் எழுந்தது, எங்கே நாடாவின் பக்கத்தைத் திருப்பினார் என்பனவற்றைப் பிடிகொம்பாகக் கொண்டு பன்னிரண்டுக்கு இடம் கண்டார். இரண்டு கீர்த்தனைகளின் இடம் நினைவுக்கு வரவில்லை. நெடுநேரம் பேசாதிருந்து, "கயிறு அறுந்த சுவடி" என்றார்.

எங்களுள் ஒருவர், இராகத்தையும் தாளத்தையும் கொண்டு ஊகித்து அவற்றை நடுவில் பொருத்திவிடலாம் என்றார். ஐயா ஒப்பவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் அவ்வெண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அதை நினைவூட்டிவிட்டு, "தெரியாததைத் தெரியாததாகவே வைக்க வேண்டும். இரண்டையும் மங்களத்துக்குப் பின்னால் போடுங்கள். இடம் தவறியவை என்று கேட்பவருக்கே விளங்கும்" என்றார்.

அவ்வாறே செய்தோம். இப்போது எங்கள் கார்க் கச்சேரி வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிறது. முடிந்தபின் இரண்டு கீர்த்தனைகள் வருகின்றன. அவை ஒலிக்கும்போது நாங்கள் பெரும்பாலும் கல்லூரி வாயிலை அடைந்திருப்போம். ஆயினும் அவை முடியும்வரை எவரும் இறங்குவதில்லை.