பீப்பாய்த் தொழில்

வளைத்த பலகைகளை வளையங்களால் இறுக்கி, பசையும் ஆணியுமின்றி நீர் கசியாத மரக் கொள்கலம் செய்யும் ஐரோப்பியக் கைத்தொழில் பீப்பாய்த் தொழில் எனப்படும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியினர் திராட்சை மதுவை வளையமிட்ட மரக்கலங்களில் வைத்திருந்ததை ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் குறித்துள்ளார். மண்சாடிபோல் எளிதில் உடையாததும், நடுப்பகுதி புடைத்திருப்பதால் நிறைந்த கலத்தையும் ஒருவரே உருட்டித் திருப்ப முடிந்ததும் பீப்பாயின் பரவலுக்குத் துணைசெய்தன. லண்டன் பீப்பாய்த் தச்சர் சங்கம் 1501இல் அரச பட்டயம் பெற்றது.

மது, பீர் முதலியவற்றுக்குக் கலம் செய்வோர், மாவு, புகையிலை போன்ற உலர்பொருள்களுக்குச் செய்வோர், வாளியும் வெண்ணெய் கடையும் கலமும் செய்வோர் எனத் தச்சர் பிரிந்திருந்தனர். இவர்களுள் முதல் பிரிவினரின் வேலையே மிகக் கடினமானது. மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்க்கோடுகளின் வழியே பிளந்த ஓக் பலகைகளைத் திறந்தவெளியில் உலர்த்தி, இரு முனையும் குறுகுமாறு சீவி, ஒரு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, உள்ளே சீவல்களை எரித்துச் சூட்டில் நெகிழ்த்தி, வளையங்களைச் சுத்தியலால் இறக்கி இறுக்குவர். பின்னர் விளிம்பின் உட்புறம் மூடி பொருந்துவதற்கான பள்ளத்தை, அதாவது காடியை, வெட்டுவர். கவராயத்தைக் காடியில் சுற்றி நடத்தி, சரியாக ஆறு முறை எடுத்துவைத்ததும் தொடங்கிய இடத்தை அடையும் அகலமே மூடியின் ஆரம் என்று கண்டுகொள்வர். பிரிட்டனின் பீர்ப் பீப்பாய் 36 காலன், ஏறத்தாழ 164 லிட்டர், கொள்ள வேண்டும்; அந்த அளவைத் தச்சர் பெரும்பாலும் கண்மதிப்பாலேயே எட்டினர் என்பது வியப்புக்குரியது.

மரபுப்படி ஏழாண்டு நீடித்த பயிற்சி முடிந்ததும், பயிலுநரைப் பீப்பாய்க்குள் இறக்கி, கரியும் சீவலும் பீரும் கொட்டிப் பட்டறையெங்கும் உருட்டுவது வழக்கம். கூலி நாட்கணக்கில் அன்றிச் செய்த கலங்களின் எண்ணிக்கைக்கே கிடைத்ததால் வேகமே வருவாயாயிற்று. ஓயாத சுத்தியல் ஓசையால் பலர் செவித்திறன் இழந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலோகக் கலங்கள் பரவ, பிரிட்டிஷ் பீர் ஆலைகளின் பட்டறைகள் பெரும்பாலும் மூடப்பட்டன. மரத்தின் மணமும் நிறமும் தேவைப்பட்ட இடங்களிலேயே பெரும்பாலும் தொழில் நிலைத்தது. உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தையே போர்பன் விஸ்கிக்குப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டம் விதிப்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பெருமளவில் ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகளுக்குச் சென்று, அங்குள்ள தச்சர்களுக்குப் பழுதுபார்க்கும் வேலையைத் தருகின்றன. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிரவைக்க உள்நாட்டு ஹல்மில்ல மரக்கலங்கள் பயன்படுகின்றன.